பழைய அரிசி, புது அரிசி: ஒட்டுண்ணியின் புரதங்களுக்கு வயது கணிப்பது எப்படி?

ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு எஃப்ளார்னிதின் என்று ஒரு மருந்து உண்டு. 1970களின் கடைசியில் புற்றுநோயை மனதில் வைத்து உருவாக்கியது. அந்தப் பக்கம் அது பெரிதாகச் சாதிக்கவில்லை. 1980-ல் நியூயார்க்கில் சைரஸ் பாக்கியும் அவருடைய குழுவினரும் தூக்க நோய்க் கிருமியை ஏற்றிய சுண்டெலிகளுக்கு அதைக் குடிநீரில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் பிழைத்துக்கொண்டன. அடுத்த சில வருடங்களில் மனிதர்களும் பிழைத்தார்கள். நினைவு தப்பிக் கிடந்தவர்களையே எழுப்பி உட்கார வைத்ததால் 'உயிர்த்தெழ வைக்கும் மருந்து' என்ற பட்டப்பெயர்கூட வந்தது. அதற்கு முன் முற்றிய நோய்க்குக் கையில் இருந்தது மெலார்சோப்ரால் என்ற ஆர்சனிக் மருந்துதான். அதை ஏற்றிக்கொண்டவர்களில் சுமார் 20-ல் ஒருவர் அந்த மருந்தாலேயே இறந்தார்.

இதில் ஒரு புதிர் இருந்தது. எஃப்ளார்னிதின் தாக்குவது ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதியை. செல் பெருகுவதற்குத் தேவையான பாலிஅமீன்கள் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறுகளைத் தயாரிப்பதில் முதல் படி இந்த நொதியின் வேலை. இது கிருமிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. இரண்டின் வடிவமும் நெருங்கிய சொந்தம். மருந்து இரண்டையுமே பிடிக்கிறது. பிடித்தால் விடுவதும் இல்லை. பூட்டுக்குள் சாவி ஒடிந்து மாட்டிக்கொண்ட மாதிரி, அந்த நொதி மூலக்கூறு அதோடு தீர்ந்தது. அப்படியானால் கிருமி சாகும்போது நாம் மட்டும் எப்படித் தப்பிக்கிறோம்?

விடை நொதியின் வடிவத்தில் இல்லை, வயதில் இருந்தது. பாலூட்டிகளின் செல்லில் இந்த நொதிக்கு ஆயுள் மிகக் குறைவு. ஒரு மணி நேரம் போவதற்குள் பாதி அழிந்து, அந்த இடத்துக்குப் புதிது வந்துவிடும். நம் செல் ஓயாமல் பூட்டை மாற்றிக்கொண்டிருக்கும் வீடு; ஒரு பூட்டில் சாவி ஒடிந்தால் என்ன, அடுத்தது தயார். தூக்க நோய்க் கிருமியான டிரிப்பனோசோமாவோ, செய்த நொதியை அழிக்காமல் வைத்துக்கொண்டே இருக்கிறது. ஒடிந்த சாவியோடு அதே பூட்டுதான் தொங்கும். 1987 தொடங்கி கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் நடந்த ஆய்வுகளில் இதன் காரணமும் பிடிபட்டது. எலியின் நொதியில் வால் பக்கம் முப்பத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கின்றன. 'என்னைச் சீக்கிரம் அழி' என்று செல்லுக்குச் சொல்லும் சீட்டு அது. கிருமியின் நொதியில் அந்த வாலே இல்லை.

இன்னொரு செய்தி இதைவிடத் தெளிவானது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் காம்பியென்சே வகைக் கிருமியை எஃப்ளார்னிதின் கொல்லும். கிழக்கு ஆப்பிரிக்காவின் ரொடீசியென்சே வகையிடம் அது அவ்வளவாக எடுபடாது. 1997-ல் வெளியான அளவீட்டின்படி, முதல் வகையில் நொதியின் அரை ஆயுள், அதாவது பாதி அழிய ஆகும் நேரம், 18 மணி நேரத்துக்கும் மேல். இரண்டாவதில் நான்கரை மணி நேரத்துக்கும் குறைவு. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் கிருமிகள், மருந்தும் அதே மருந்து. ஒரு புரதம் எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்கிறது என்பதில் போய் முடிகிறது நோயாளியின் கதை.

இப்படிப் புரதங்கள் உருவாவதும் அழிவதுமான வேகத்தைப் புரதச் சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். இதை அளப்பது சுலபமான வேலை இல்லை. ஒட்டுண்ணிக்குள் அளப்பது அதைவிடக் கஷ்டம்.

புரதம் சுழல்கிறது என்பதே ரொம்பப் பழைய அறிவு அல்ல. 1930கள் வரை உடம்பை ஓர் என்ஜின் போலத்தான் பலர் பார்த்தார்கள்: சாப்பாடு எரிபொருள், எரிந்து போய்விடும், உடம்பின் புரதங்கள் என்ஜினின் பாகங்கள், தேய்ந்தால் மட்டும் மாற்றப்படும். இந்தப் படத்தைக் கலைத்தவர் ருடால்ஃப் ஷோன்ஹைமர். ஜெர்மனியிலிருந்து 1933-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதே பல்கலைக்கழகத்தில்தான் ஹரால்ட் யூரி 1931-ல் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்து, 1934-ல் நோபல் பரிசும் வாங்கியிருந்தார். ஷோன்ஹைமரும் டேவிட் ரிட்டன்பெர்கும் கனமான நைட்ரஜன் சேர்ந்த லியூசின் என்ற அமினோ அமிலத்தை, எடை ஏறாமல் இறங்காமல் நிலையாக இருந்த எலிகளுக்கு மூன்று நாள் தீனியில் கொடுத்தார்கள். என்ஜின் கதை உண்மையென்றால் அந்த நைட்ரஜனில் பெரும்பகுதி சிறுநீரில் வந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் போய் உட்கார்ந்திருந்தது உடம்பின் புரதங்களுக்குள். எலியின் எடை கூடவில்லை. அதனால் உள்ளே புதிதாகச் சேர்ந்த அளவுக்குப் பழையது அழிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அசையாத மாதிரி இருந்த உடம்பு, உள்ளுக்குள் இடித்துக் கட்டிக்கொண்டே இருந்தது.

அளக்கும் முறையின் சாரம் அன்றும் இன்றும் ஒன்றுதான், அதை ஒரு அரிசி டப்பாவை வைத்தே சொல்லிவிடலாம். டப்பாவில் எப்போது பார்த்தாலும் 10 கிலோ அரிசி இருக்கிறது. இதை வைத்து அந்த வீட்டில் தினமும் எவ்வளவு சோறு பொங்குகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆளில்லாத வீடாக இருக்கலாம். பத்துப் பேர் சாப்பிட்டு, தினமும் கடையிலிருந்து வாங்கி நிரப்பும் வீடாகவும் இருக்கலாம். அளவு பேசாது. ஆனால் இதுவரை புழுங்கல் அரிசியே கொட்டிவந்த டப்பாவில், இன்று காலையிலிருந்து பச்சரிசியை மட்டும் கொட்டச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து நன்றாகக் கிளறி ஒரு கைப்பிடி எடுத்து, புழுங்கல் எத்தனை, பச்சரிசி எத்தனை என்று எண்ணினால் போதும். செலவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

புரதத்தில் பச்சரிசி என்பது கனமான அமினோ அமிலம். 2002-ல் டென்மார்க்கின் ஓடென்சேயில் மத்தியாஸ் மன்னின் குழு சைலாக் என்ற முறையை அறிமுகப்படுத்தியது. செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலில் சாதாரண லைசினுக்குப் பதிலாக, கார்பனும் நைட்ரஜனும் கனமான ஐசோடோப்புகளாக உள்ள லைசினைப் போடுவார்கள். கதிரியக்கம் கிடையாது, வேதியியலில் வித்தியாசமும் கிடையாது. எடை மட்டும் 8 அலகு கூடுதல். செல்லுக்கு அது தெரியாது, மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குத் தெரியும். கனமான கரைசலுக்கு மாற்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, சில மணி நேரம் விட்டுச் செல்களை உடைத்து, புரதங்களை டிரிப்சின் என்ற நொதியால் வெட்டுவார்கள். டிரிப்சின் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்தே வெட்டும் என்பதால், லைசினில் முடியும் ஒவ்வொரு துண்டிலும் கடைசியில் ஒரு லைசின் நிற்கும். திரையில் ஒரே துண்டு இரண்டு முகடுகளாகத் தெரியும். இடப்பக்கம் லேசானது, அதாவது பழையது. கொஞ்சம் தள்ளி வலப்பக்கம் கனமானது, புதியது. இரண்டின் உயரத்தையும் ஒப்பிட்டால் போதும். ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு இப்படி இரட்டை முகடு கிடைக்கும்.

இதற்கு முன்பு என்ன செய்தார்கள்? ஒன்று, கதிரியக்கக் கந்தகம் சேர்ந்த மெத்தியோனினைக் கொடுத்து, ஒவ்வொரு புரதமாகப் பிடித்துத் துரத்துவது. இன்னொன்று, சைக்ளோஹெக்சிமைடு போட்டுப் புரத உற்பத்தி மொத்தத்தையும் நிறுத்திவிட்டு, இருப்பது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்ப்பது. இரண்டாவது முறையில் எனக்கு என்றுமே நம்பிக்கை வந்ததில்லை. கடைக்கு வரும் சரக்கையெல்லாம் மறித்துவிட்டு, அந்தக் கடையில் வழக்கமாக எவ்வளவு விற்கும் என்று கணக்குப் போடுவது போன்றது அது. மூச்சுத் திணறும் செல் தன் இயல்பான வேகத்தைக் காட்டாது.

சரி, இப்போது கணக்கு. டிரிப்பனோசோமாவின் ரத்த வடிவம் ஆய்வகத்தில் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். கனமான கரைசலுக்கு மாற்றி 6 மணி நேரம் கழித்து ஒரு புரதத்தை எடுக்கிறோம். பழையது பாதி, புதியது பாதி. அவசரப்பட்டு 'அரை ஆயுள் 6 மணி நேரம்' என்று எழுதிவிடக் கூடாது. அந்தப் புரதத்தில் ஒரு மூலக்கூறுகூட அழிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டால் ஆளுக்குப் பாதி நிலம். நிலம் எங்கும் போய்விடவில்லை. செல் பிரிந்தபோது பழைய புரதம் இரண்டு பங்காகப் போனது, மீதியைப் புதியது நிரப்பியது, அவ்வளவுதான். இன்னொரு புரதத்தில் 6 மணி நேரத்தில் பழையது கால் பங்குதான் மிச்சம் என்றால் கதை வேறு. இரண்டு முறை பாதியாகியிருக்கிறது. ஒரு பாதி பாகப்பிரிவினையின் கணக்கு, இன்னொரு பாதி நிஜமான அழிவு. ஆக அழிவால் மட்டும் அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். வேகமாகப் பெருகும் செல்லில் பெரும்பாலான புரதங்கள் முதல் ரகம்தான், பாகம் பிரிவதாலேயே குறைபவை. அழிக்கவென்றே அடையாளமிட்டு அழிக்கப்படும் சிறுபான்மையைப் பிரித்தெடுப்பதில்தான் இந்தக் கணக்கின் சாமர்த்தியம் இருக்கிறது. செல் பிரியும் நேரத்தில் சின்னப் பிழை விழுந்தாலும், நிலையான புரதங்களின் ஆயுளாகக் கிடைக்கும் எண் தாறுமாறாகிவிடும்.

ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு 2019-ல் இந்த வேலையை டிரிப்பனோசோமாவில் செய்து வெளியிட்டது. நம் ரத்தத்தில் வாழும் வடிவம், செட்சி ஈயின் குடலில் வாழும் வடிவம், இரண்டையும் அளந்தார்கள். டிரிப்பனோசோமாவுக்கும் அதன் உறவினரான லீஷ்மேனியாவுக்கும் இப்படிப்பட்ட அளவீடு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. நம் செல்லில் ஒவ்வொரு மரபணுவுக்கும் தனி சுவிட்ச் உண்டு. இந்தக் கிருமிகளிலோ, பத்து, நூறு என்று வரிசையாக நிற்கும் மரபணுக்களை ஒரே இழையாகப் படியெடுத்துவிட்டு, அப்புறம்தான் துண்டு துண்டாக வெட்டுகின்றன. தனித்தனி சுவிட்சுக்கு அங்கே அநேகமாக வேலையே இல்லை. அப்படியானால் ஒரு புரதம் அதிகம், இன்னொன்று குறைவு என்பதை எது முடிவு செய்கிறது? ஆர்என்ஏ எவ்வளவு நேரம் தாங்குகிறது, அதை எவ்வளவு வேகமாகப் படிக்கிறது, கடைசியில் புரதம் எவ்வளவு காலம் நிற்கிறது என்பவைதான். மரபணு அளவிலேயே பார்த்துவிட்டு நின்றால் இந்தக் கிருமிகளின் கதையில் பாதியைத் தவறவிடுவோம்.

ஓர் எச்சரிக்கை. புரதம் நகர்வதையும் புரதம் அழிவதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரத்த டிரிப்பனோசோமாவின் உடம்பு முழுக்க விஎஸ்ஜி என்ற புரதப் போர்வை மூடியிருக்கும். ஒரு கிருமிக்குச் சுமார் ஒரு கோடி மூலக்கூறுகள். நம் நோயெதிர்ப்பு அமைப்புக்கு அது காட்டும் முகமூடி அதுதான். இந்தப் போர்வை முழுவதையும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை கிருமி உள்ளே இழுத்து, அதில் ஒட்டியிருக்கும் நம் ஆன்டிபாடிகளை உதறிவிட்டு, மறுபடி வெளியே போர்த்திக்கொள்கிறது. சும்மா பார்த்தால் அசுர வேகச் சுழற்சி. ஆனால் துணி மாறவில்லை, துவைத்துத் துவைத்து அதையேதான் உடுத்துகிறது. பழைய முகடு, புது முகடு என்று எண்ணிப் பார்த்தால் மட்டுமே இந்த வித்தியாசம் தெரியும்.

மலேரியாவுக்கு வந்தால் சைலாக் முறை வேறொரு இடத்தில் தடுக்கி விழுகிறது. மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியம் நம் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்துகொண்டு, அங்கே நிறைந்திருக்கும் ஹீமோகுளோபினைத் தின்று, அதிலிருந்து அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்கிறது. வெளியே கரைசலில் நாம் எவ்வளவு கனமான லைசினைக் கொட்டினாலும், உள்ளே ஹீமோகுளோபினிலிருந்து சாதாரண லைசின் வந்துகொண்டே இருக்கும். நாம் வாசல் வழியாகப் பச்சரிசி அனுப்புகிறோம். கொல்லைப்புறம் வழியாகப் புழுங்கல் மூட்டை இறங்குகிறது. கணக்கு எப்படி நிற்கும்?

இதற்குக் கிடைத்த வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. வயது வந்தவர்களின் ஹீமோகுளோபினில் ஐசோலியூசின் என்ற ஓர் அமினோ அமிலம் மட்டும் அறவே இல்லை. மற்ற 19-ம் இருக்கின்றன. கொல்லைப்புற மூட்டையில் அது ஒன்று வராது. கிருமி அதை வெளியிலிருந்து வாங்கியே தீர வேண்டும். 2006-ல் செயின்ட் லூயிஸில் டேனியல் கோல்ட்பர்கின் குழு, அமினோ அமிலங்களில் ஐசோலியூசினை மட்டும் கொடுத்தாலே பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் வளரும் என்று காட்டியது. அதற்கும் முன்பே, 2004-ல், மான்செஸ்டரில் ஒரு குழு கனமான ஐசோலியூசினைக் கொடுத்து மலேரியாக் கிருமியின் புரதங்களுக்கு அடையாளமிட்டிருந்தது. உயிரியலின் ஒரு தற்செயல், ஆய்வகத்தில் கருவியாகிவிட்டது. வசதியோடு ஒரு வில்லங்கமும் உண்டு. டிரிப்சின் வெட்டும் துண்டுகள் எல்லாவற்றிலும் ஐசோலியூசின் இருக்காது. சிலவற்றில் இரண்டு மூன்றுகூட இருக்கும். லைசினைப் போல 'கடைசியில் ஒன்று' என்ற ஒழுங்கு இல்லை. கணக்கு கொஞ்சம் அலங்கோலமாகத்தான் வரும்.

ஐசோலியூசினைச் சுத்தமாக நிறுத்திவிட்டால் கிருமி செத்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டு, உறங்குவது போலக் கிடக்கும். திரும்பக் கிடைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்தச் சோம்பேறித்தனம் அதற்கு ஒரு கவசம்.

ஆர்ட்டிமிசினின் கதையில் இதே கவசம் வேறு உருவத்தில் வருகிறது. து யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த மலேரியா மருந்து அது. கிருமி ஹீமோகுளோபினைத் தின்னும்போது வெளியாகும் ஹீம் இரும்பு, மருந்தைத் தூண்டிவிடும். தூண்டப்பட்ட மருந்து கண்ணில் பட்ட புரதங்களையெல்லாம் கடித்துக் குதறும். செல்லுக்குள் சேதமான புரதங்களை அரைத்துத் தள்ளும் இயந்திரத்துக்குப் புரோட்டியசோம் என்று பெயர். ஆர்ட்டிமிசினின் பட்ட கிருமியில் அரைக்க வேண்டிய குப்பை மலையாகக் குவியும். புரோட்டியசோமும் ஒழுங்காக வேலை செய்யாது. 2018-ல் மெல்போர்னில் லீயான் டில்லியின் குழு இதை எடுத்துக்காட்டியது. சேர்ந்த குப்பையிலேயே கிருமி திணறிச் சாகிறது.

கம்போடியாவில் மருந்துக்குப் பணியாத கிருமிகளில் கெல்ச்13 என்ற புரதத்தில் மாற்றம் இருப்பது 2014-ல் தெரியவந்தது. அந்த மாற்றம் என்ன செய்கிறது என்பதற்கு 2020-ல் ஹாம்பர்கிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. ஹீமோகுளோபினை வாய்வைத்து உறிஞ்சும் இடத்தில் கெல்ச்13-க்கு வேலை இருக்கிறது. மாற்றம் வந்த கிருமியில் அந்தப் புரதத்தின் அளவு குறைகிறது. ஆகவே தீனி குறைகிறது. ஆகவே இரும்பு குறைகிறது. மருந்து முழு வீச்சில் தூண்டப்படுவதில்லை. சிவப்பணுவுக்குள் நுழைந்த புதிதில், வளையம் போலத் தெரியும் இளம் நிலையில், கொஞ்சமாகச் சாப்பிட்டு, கொஞ்சமாகச் சேதப்பட்டு, சேதத்தைச் சமாளித்துக்கொண்டு கிருமி காத்திருக்கும். ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் ரத்தத்தில் சில மணி நேரம்தான் நிற்கும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். ஒரு புரதத்தின் அளவு சற்றே குறைவதும், குப்பை அள்ளும் வேகமும் சேர்ந்து தென்கிழக்கு ஆசியாவின் மலேரியாச் சிகிச்சையையே அசைத்துவிட்டன. இப்போது ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் கெல்ச்13 மாற்றங்கள் பரவியிருக்கின்றன.

இதுவரை பேசியதெல்லாம் ஆய்வகத் தட்டில் வளரும் கிருமிகள். நோயாளியின் உடம்புக்குள் இருக்கும் கிருமியும் அதே வேகத்தில்தான் சுழல்கிறதா? இந்தக் கேள்விதான் இந்தத் துறையின் உண்மையான தலைவலி. அதற்கு ஒரு நல்ல விடை லீஷ்மேனியாவிலிருந்து கிடைத்தது.

லீஷ்மேனியா நமக்கு அந்நியமில்லை. காலா அசார் என்ற கருங்காய்ச்சலில் செத்துப்போன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் பார்த்ததை 1903-ல் வெளியிட்டார். அதே வருடம் மெட்ராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் அதே சின்ன முட்டை வடிவங்களை நோயாளிகளிடம் கண்டார். ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று வைத்துவிட்டார். சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மருத்துவமனையின் வரலாற்றில் இப்படி ஒரு பக்கமும் உண்டு.

நாம் பார்க்கப்போவது அதன் ஒன்றுவிட்ட சகோதரம், லீஷ்மேனியா மெக்சிகானா. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்குவது. மணல் ஈயின் குடலுக்குள் வாலோடு நீந்தும் வடிவம் ஒன்று. நம் உடம்பில் மேக்ரோபேஜ் என்ற விழுங்கி செல்லுக்குள், எதையும் செரிக்க வைக்கும் அமிலப் பைக்குள்ளேயே குடித்தனம் நடத்தும் உருண்டை வடிவம் ஒன்று. முதல் வடிவத்தைத் தட்டில் வளர்ப்பது சுலபம், ஒரு நாளுக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடும். அதனால் ஆய்வகங்களில் அதைத்தான் அதிகம் வளர்த்தார்கள். மருந்துத் தேடலிலும் முதல் வடிகட்டல் பெரும்பாலும் வேகமாக வளரும் வடிவங்களில்தான் நடந்தது. நோயை உண்டாக்குவது இரண்டாவது வடிவம்.

சுண்டெலியின் தோல்புண்ணுக்குள் இருக்கும் கிருமிக்குக் கனமான லைசினைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? எலியின் ஒவ்வொரு செல்லும் அதற்குக் குறுக்கே நிற்கும். எலி தன் பழைய புரதங்களை உடைத்துச் சாதாரண லைசினை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேக்ரோபேஜ் அதைத் தின்னும், கிருமி மேக்ரோபேஜ் தின்றதிலிருந்து எடுக்கும். கிருமிக்கு எட்டும் இடத்தில் கனமானது எத்தனை சதவீதம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டப்பாவில் விழும் அரிசியே கலப்படம் என்றால் கைப்பிடி எண்ணி என்ன பயன்?

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மால்கம் மெக்கான்வில்லின் குழு இதற்குக் கையில் எடுத்தது யூரியின் பழைய சரக்கை: கனநீர். தண்ணீர்தான், ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம். தண்ணீருக்குத் தடுப்புச் சுவர் கிடையாது. குடித்த சில மணி நேரத்தில் ரத்தம், மேக்ரோபேஜ், அதற்குள் இருக்கும் அமிலப் பை, அதற்குள் இருக்கும் கிருமி என்று எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் பரவிவிடும். எலியின் உடம்பு நீரில் சில சதவீதம் மட்டும் கனநீராக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் எலிக்குத் தொல்லையில்லை; 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் பாலூட்டிகளுக்குச் சிக்கல். கூண்டில் மாட்டிய தண்ணீர்ப் புட்டியில் கலந்து வைத்துவிட்டால் போதும், மாதக் கணக்கில் அடையாளமிடலாம். அமினோ அமிலமோ, டிஎன்ஏவின் சர்க்கரையோ, கொழுப்பு அமிலமோ, எது புதிதாகச் செய்யப்பட்டாலும் அதில் கார்பனோடு டியூட்டீரியம் போய்ப் பிணைந்துவிடும். கலப்படம் எவ்வளவு என்ற கேள்விக்கு, எலியின் உடம்பு நீரில் ஒரு சொட்டை எடுத்துப் பார்த்தாலே பதில் கிடைக்கும்.

2015-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பால்ப்/சி வகைச் சுண்டெலிகளுக்கு நான்கு மாதம் வரைக்கும் இப்படிக் கனநீர் கொடுத்திருந்தார்கள். புண்ணிலிருந்து கிருமிகளைப் பிரித்தெடுத்து, டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரதம், கொழுப்பு என்று ஒவ்வொன்றிலும் டியூட்டீரியம் எவ்வளவு வேகத்தில் ஏறியிருக்கிறது என்று அளந்தார்கள். புண்ணுக்குள் இருக்கும் கிருமி இரட்டிப்பாக ஏறக்குறைய 12 நாள் எடுத்துக்கொள்கிறது. தட்டில் ஒரு நாளுக்குள் செய்யும் வேலை அது. புண் சிறிதாக இருந்தபோதும் பெரிதானபோதும் அந்த வேகம் மாறவில்லை. புரதச் சுழற்சி, ஆர்என்ஏ உற்பத்தி, சவ்வுக் கொழுப்பு எல்லாமே, தட்டில் வளர்பவற்றைவிட மட்டுமல்ல, ஆய்வகத்தில் தனியாக வைத்த மேக்ரோபேஜ்களுக்குள் வளர்பவற்றைவிடவும் மிகக் குறைவு.

எனக்கு அதில் ஆச்சரியமாக இருந்தது இன்னொரு கணக்கு. 12 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு என்று வைத்துக்கொண்டு புண்ணில் மொத்தம் எத்தனை கிருமி சேர வேண்டும் என்று போட்டால், நிஜமாகவே சேர்ந்திருந்த எண்ணிக்கையோடு அது ஒத்துப்போனது. அதாவது அங்கே கிருமிகள் அநேகமாகச் சாகவேயில்லை. வேகமாகப் பெருகிப் பாதியை நோயெதிர்ப்பு அமைப்பிடம் பலி கொடுக்கும் போர்க்களமாகப் புண்ணை நினைத்திருந்தவர்களுக்கு இது வேறு படம். கிருமி சத்தம் போடாமல், குறைவாகத் தின்று, குறைவாகச் செலவு செய்து, தங்கியிருக்கும் மேக்ரோபேஜைச் சீண்டாமல் காலம் தள்ளுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாமல் இருபது வருடம் குடியிருந்துவிடும் வாடகைதாரர் மாதிரி.

மெதுவாகச் செலவு செய்பவரைப் பட்டினி போட்டு விரட்டுவது கஷ்டம். பெருகும் செல்லின் ஏதாவது ஒரு உற்பத்தி வரிசையைத் தடுத்துக் கொல்லும் மருந்து, தட்டில் இரண்டு நாளில் வேலையைக் காட்டலாம். பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை பிரியும் கிருமிக்கு அந்தத் தடை உறைக்கவே வாரங்கள் ஆகலாம். எலியில் பார்த்த இந்த எண் மனிதனுக்கும், கருங்காய்ச்சலின் டோனவானிக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கருங்காய்ச்சலுக்குத் தரும் மில்ட்டிஃபோசின் மாத்திரையை 28 நாள் விடாமல் விழுங்கச் சொல்வதையும், மருந்து முடிந்து மாதங்கள் கழித்து நோய் திரும்புவதையும் இந்தக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவ்வளவு விநோதமாகத் தெரியவில்லை.

கனநீர் ஆய்வுக்கும் ஒரு குறை உண்டு. அது புரதங்கள் மொத்தத்தையும் உடைத்து, அமினோ அமிலங்களில் டியூட்டீரியத்தைப் பார்த்தது. அதனால் கிடைத்தது ஒட்டுமொத்தச் சராசரி. புண்ணுக்குள் இருக்கும் கிருமியில் எந்தப் புரதம் மாதக் கணக்கில் நிற்கிறது, எது அந்த மந்தத்திலும் மணிக்கொருமுறை மாறுகிறது என்று அந்தச் சராசரி சொல்லாது. எஃப்ளார்னிதின் கதையில் நமக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு நொதியின் ஆயுள்தானே? டியூட்டீரியம் ஒரு துண்டில் இத்தனை இடத்தில் என்று சிதறி ஏறுவதால், சைலாக் போலச் சுத்தமான இரண்டு முகடுகள் கிடைக்காது. ஒரே முகடு கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் சாயும். அந்தச் சாய்விலிருந்து தனித்தனிப் புரதத்தின் ஆயுளைப் பிரித்தெடுப்பதற்குக் கிருமியும் நிறைய வேண்டும், கணக்கும் பொறுமையாகப் போட வேண்டும். புண்ணிலிருந்து எடுத்த மாதிரியிலோ எலியின் புரதம் எப்போதும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் மருந்து தேடுபவர்கள் வேறு வாசலைத் தட்டினார்கள். 2016-ல் ஜிஎன்எஃப்6702 என்ற ஒரு சேர்மத்தைப் பற்றி அறிவித்தார்கள். லீஷ்மேனியா, தூக்க நோய், தென் அமெரிக்காவின் சாகஸ் நோய் மூன்றின் கிருமிகளிலும் புரோட்டியசோமை அது அடைக்கும். நம்முடைய புரோட்டியசோமைத் தொடாது. மூன்று நோய்க்கும் எலிகளில் வேலை செய்தது. அதே வழியில் வந்த எல்எக்ஸ்இ408 இப்போது கருங்காய்ச்சல் நோயாளிகளிடம் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது. புரதச் சுழற்சி இவ்வளவு குறைவாக இருக்கும் கிருமியில், அழிக்கும் இயந்திரத்தை அடைப்பதால் என்ன ஆகிவிடும் என்று முன்கூட்டியே ஒருவர் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். எலியின் உடம்புக்குள் கிருமிகள் செத்தன. சராசரி எவ்வளவு மந்தமாக இருந்தாலும், உள்ளே ஏதோ சில புரதங்கள் நேரத்துக்கு நேரம் அகற்றப்பட்டே ஆக வேண்டியவை. அவை எவை என்று பெயர் சொல்ல, புண்ணுக்குள் இருக்கும் டப்பாவில் கைவிட்டு ஒவ்வொரு அரிசி மணியாக எண்ண வேண்டும்.